பஞ்ச் என்றால் அஞ்சு

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் எனக்கு இடமில்லாமல் போய்விட்டது. மகள் வள்ளியம்மை அதைக் கைப்பற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பு முடித்துப் போகிற பெண்களுக்கு விருந்தாம். அதற்குப் பழங்களைப் போட்டு ‘பஞ்ச்’ கலந்து கொண்டுபோகும் பொறுப்பு இவளுடையதாம். அன்னாசியை வெட்டி, ஆரஞ்சைப் பிழிந்து, ஆறிய தேயிலைச் சாற்றை அளவு போட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

“சாயம் பத்தாதும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றேன்.

“அப்பா, எங்க டீச்சர் லண்டன்ல படிச்சவங்க. நீங்க லாச்சியில இருந்து கரண்டி எடுத்துக் குடுங்க போதும். கை கழுவிட்டு எடுங்க.”

லாச்சி என்றால் மேசை இழுப்பறை. மலாய்க்காரர்களிடமிருந்து வந்த சொல். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் அதைச் சுத்தத் தமிழ் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. ஒருநாள் இவள் ஊருக்கு வந்து, இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களிடம் லாச்சியைத் திறக்கச் சொல்லுவாள். நீங்கள் திருதிருவென்று விழிப்பீர்கள். அப்போது என்னைத் திட்டாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பெயர்கள் மாறுவதில் இங்கே யாருக்கும் வருத்தம் கிடையாது. நான் கப்பலேறி வந்த நாட்டின் பெயர் மலாயா. இப்போது மலேசியா என்று எழுத வேண்டுமாம். பழைய வழக்கத்தில் அனுப்புநர் விலாசத்தில் மலாயா என்று எழுதிய உறையைத் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த பையன் என்னிடமே திருப்பிக் கொடுத்தான். “அந்த நாடு இப்ப இல்லை அங்கிள்” என்றான். இருபது வருஷமாக ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாடுதான் என்னைக் கேட்காமல் எழுந்து போயிருக்கிறது.

கரண்டியைக் கழுவிக் கொடுத்தேன். வள்ளியம்மை கலக்கிக்கொண்டே, “நம்ம ஊர்ல இதெல்லாம் செய்வாங்களாப்பா?” என்று கேட்டாள்.

“ஒரு தடவை செஞ்சாங்க” என்றேன்.

“யாரு?”

“நான்தான். ஒன் காதுகுத்துக்கு.”

அவள் நம்பவில்லை. அவளுக்கு அப்போது மூன்று வயது, ஞாபகம் இருக்க நியாயமில்லை. ஊர்க்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

எனக்கு இந்தப் பானம் அறிமுகமானது தோட்டத்துத் துரை பங்களாவில். வெள்ளைக்காரத் துரை கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆபீஸ் ஆட்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைப்பார். புல்வெளியில் இரண்டு மேசை போடுவார்கள். இரண்டிலும் பெரிய கண்ணாடிப் பாத்திரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள். ஒரு பாத்திரத்தில் சரக்கு உண்டு, இன்னொன்றில் கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சரக்கில்லாத பாத்திரத்துக்குக் காவல் நான்.

காவல் எதற்கு என்று கேட்பீர்கள். யாராவது அதை ‘சரிசெய்து’விடாமல் பார்த்துக்கொள்வதற்கு. எங்கள் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் ஊரில் மானமாக வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஆகவே துரைசாணி பார்க்கும்போது என் மேசை முன்னால் பயபக்தியோடு நின்று குடிப்பார்கள். அந்தம்மா திரும்பியதும் கோப்பையை எடுத்துக்கொண்டு மற்ற மேசைப்பக்கம் காற்றாட நடந்துவிட்டு வருவார்கள். போகும்போது இருந்த முகம் வரும்போது இருக்காது. அதிலே ஒருவன் பெருந்தன்மைக்காரன். தான் பெற்ற இன்பத்தை என் பாத்திரத்துக்கும் கொடுக்கச் சட்டைப்பையில் சின்ன சீசாவோடு வந்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எனக்கு வியர்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துக்குத் துணிமணி கொண்டுவரும் மரைக்காயர் கோட்டைப்பட்டினத்துக்காரர். ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் விருந்துக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “நம்ம கிராணியார் எங்கிட்டு நிக்கிறாரு?” என்பதுதான். நான் நிற்கிற மேசைக்கு நேராக வருவார். பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். பிறகு கோப்பையை நீட்டுவார். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கொடுக்க முடியாது என்பது என் எண்ணம். அந்தப் பட்டம் தலைக்கேறித்தான் எனக்குப் பின்னால் வினை வந்தது.

துரை குடும்பம் சீமைக்குத் திரும்பிப் போனபோது, துரைசாணி அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தையும் கோப்பைகளையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதே முடிவு செய்தேன். வள்ளியம்மைக்கு ஊரில் காதுகுத்து வைக்கும்போது வருகிறவர்களுக்கெல்லாம் இதில்தான் பஞ்ச் கொடுக்க வேண்டும்.

என் மனைவி முத்துலெட்சுமி, “பானகம் போதாதா? வெல்லத்தைக் கரைச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா அதே ருசிதானே” என்றாள். அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் பானகம் கொடுப்பதற்கு ஒருவன் பினாங்கு போய் வர வேண்டுமா?

3

நாகப்பட்டினம் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். புடவைகளுக்குள் சுற்றியிருந்த பாத்திரத்தைப் பார்த்து, “மீன் வளர்க்கவா?” என்றார். அதை விட்டுவிட்டு, அன்னாசிப் பழச்சாறு அடைத்த புட்டிகளைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று அரசாங்க மூக்குகள் சேர்ந்து அதில் மது இல்லை என்று தீர்மானித்தன. பிறகு, வழியில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் நூல் சுற்றி, சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

அரக்கு முத்திரை போட்ட புட்டியைக் கண்டால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்பது அந்த மூன்று மூக்குகளுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் மலாயாவில் இருந்த காலத்தில் ஊருக்கு மதுவிலக்கு வந்திருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானமும் போய், சர்க்காரும் புதுசாகி, கள்ளுக்கடையும் எடுபட்டிருந்தது. கண்மாய்க்கரை மரத்தடியில் இருந்த அந்தக் கடையை நான் சிறுவயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை போய்ப் பேச்சுவாக்கில் கேட்டால், அப்படியொரு கடை இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. பெரிய மனிதர்கள் எல்லாரும் மதுவிலக்குக் கமிட்டியில் மெம்பர். அதற்குச் செக்ரட்டரி என் மச்சான் சிதம்பரம், முத்துலெட்சுமியின் கூடப்பிறந்த ஒரே அண்ணன், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரே இந்தி வேண்டாம் என்று கோஷம் போட்ட காலத்தில், எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று இந்தியில் மூன்று பரீட்சை எழுதித் தேறியவர். அகராதியைப் பொழுதுபோக்காகப் படிப்பார். வாயில் ஒரு பொய் வராது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால்கூட, “மூக்கு கொஞ்சம் சப்பைதான்” என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிற ஆள். அதனால் சிலருக்கு அவரைப் பிடிக்காது. முத்துலெட்சுமிக்கு மட்டும் அதுவே பெருமை. “எங்க அண்ணன் வாயில பொய் வராது” என்று மலாயாவில் சீனக்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், மலாய் பாஷையில்.

அவர்தான் தாய்மாமன். அவர் சீர் கொண்டுவந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால்தான் காதில் ஊசி படும். வேறு யார் மடியிலும் வைத்துக் குத்த முடியாது. ஒரு வாரக் கப்பல் பயணமும், வாங்கிய லீவும், அடித்த பத்திரிகையும் எல்லாம் அந்த ஒரு மடியை நம்பித்தான். அண்ணன் வராமல் பிள்ளைக்குக் காது குத்தினால், அதன் பிறகு முத்துலெட்சுமிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது.

4

விசேஷத்தன்று காலையில் பந்தலுக்குப் பின்னால் வேலையை ஆரம்பித்தேன். முந்தின நாளே காய்ச்சி ஆறவைத்த தேயிலைச் சாற்றை வடிகட்டினேன். அறந்தாங்கிச் சந்தையில் வாங்கிய கமலா ஆரஞ்சைப் பங்காளி கருப்பையா பிழிந்தான். முத்துலெட்சுமி சீனியைக் கரைத்து, இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்தாள். மலாயா டின் அன்னாசியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, புட்டிகளில் இருந்த அன்னாசிச் சாற்றையும் ஊற்றினோம். எலுமிச்சையும் போட்டாயிற்று. காரைக்குடியிலிருந்து மரத்தூள் மூட்டைக்குள் வைத்துப் பஸ்ஸில் வரவழைத்த ஐஸ் பாறை, வந்து சேரும்போது ஒரு தேங்காய் அளவு இருந்தது. அதையும் உடைத்துப் போட்டோம். கடைசியாக கோலி சோடாக்களை உடைத்து ஊற்ற வேண்டும்.

முதல் சோடா வீச்சென்று கத்தியது. பாத்திரம் நுரை கட்டிப் பொங்கியது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அரக்கு முத்திரைப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. செக்கச்செவேலென்று ஒரு திரவம் நுரைத்துக்கொண்டிருக்கிறது. நான் சீமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அகப்பையோடு நிற்கிறேன்.

“என்னப்பா அது?” என்றார் காது மந்தமான பெரியப்பா ஒருவர்.

“பஞ்ச், பெரியப்பா.”

“பஞ்சா? பஞ்சைக் கரைச்சா குடிக்கிறாக அந்தத் தேசத்துல?”

சிரிப்போடு முதல் வரிசைக்காரர்கள் கோப்பையை வாங்கினார்கள். நன்றாக இருந்தது என்பது அவர்கள் மறுபடி நீட்டியதிலேயே தெரிந்தது. கருப்பையா சினிமாவில் பார்த்ததைப்போல் தன் கோப்பையை இன்னொருவன் கோப்பையில் ணங்கென்று மோதிக் குடித்தான். சரியாக அந்த ணங்கின்போது மேளம் நின்றது. சீர்த்தட்டுகளோடு மச்சான் பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கமிட்டி மெம்பர்கள் நாலைந்து பேர்.

“வாங்க மச்சான்” என்றேன்.

அவர் வரவில்லை. தட்டை ஏந்திய பெண்களையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“இது என்ன மாப்ளே?”

“ஃப்ரூட் பஞ்ச் மச்சான். பழச்சாறு.”

“பழச்சாறுன்னு சொல்லுங்க, இல்லை பஞ்ச்னு சொல்லுங்க. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? பஞ்ச்ன்னா அஞ்சு. இந்தி வார்த்தை. அஞ்சு சாமான் என்னென்ன?”

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். தேயிலை, அன்னாசி, கமலா, எலுமிச்சை, சீனி. ஐந்தாயிற்று, விரலும் முடிந்தது.

“இஞ்சிய விட்டுட்டியேப்பா” என்றான் கருப்பையா, உதவி செய்கிற ஆர்வத்தில். “சோடா வேற ஊத்துனோம்ல?”

ஏழாகிவிட்டது. பந்தலே கணக்குப் போட ஆரம்பித்தது. சீனியை விட்டுவிடலாம், அது எல்லாவற்றிலும் இருக்கிறது என்றார் ஒருவர். சோடா தண்ணீர்தானே, அதையும் தள்ளுங்கள் என்றார் மற்றவர். சீனி இருக்கட்டும், பழம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நான்குதான் வருகிறது, அப்படியானால் ஐந்தாவது எங்கே என்றார் மூன்றாமவர். அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் மெதுவாகச் சொன்னார்: “நான் அகராதியில பாத்திருக்கேன் மாப்ளே. வெள்ளைக்காரன் இந்தப் பேரை நம்ம நாட்டுல இருந்துதான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். ஆதியில அஞ்சு என்னன்னா, சாராயம், சீனி, எலுமிச்சம்பழம், தண்ணி, மசாலா. மொதல்ல நிக்கிறது சாராயம். அது இல்லேன்னா இது பஞ்ச் இல்லை. பஞ்ச்னு நீங்களே சொல்றீங்க. நான் என்னத்தைப் புரிஞ்சுக்கிறது?”

மேடையில் பேசினால் கைதட்டலாம். அத்தனை சுத்தமான தர்க்கம். அதில் இருந்த ஒரே ஓட்டை வழியாக நுழைந்தேன்.

“சரி மச்சான், பானகம்னு வச்சுக்கங்க.”

“இப்பப் பேரை மாத்துறாரு பாருங்க” என்றார் ஒரு கமிட்டி மெம்பர்.

5

குடித்தவர்களை விசாரித்தார்கள்.

“எப்படிய்யா இருந்துச்சு?”

“சுர்ருன்னு இருந்துச்சுங்க.”

“நாக்குலயா, தொண்டையிலயா?”

“ரெண்டுலயும்தாங்க.”

அது இஞ்சி என்று கத்தினேன். கமிட்டி மெம்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன் என்று அவர்களிடமே கோப்பையை நீட்டினேன். அத்தனை பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

“குடிச்சா மட்டும் எங்களுக்கு எப்படித் தெரியும்? சாராயம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவுகதானே இதுல இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும். நாங்க கண்டமா?”

சொன்னவரைக் கண்மாய்க்கரை மரத்தடியில் இருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்ததை நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். தூக்கி வந்தவரும் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரும் மெம்பர்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். காதுகுத்துக்கு வந்தவர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டு நான் எந்த ஊருக்குப் போவது?

அப்போது யாருக்கோ பெர்மிட் ஐயாவின் ஞாபகம் வந்தது. சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் வந்து தங்கியவர். மது இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சர்ட்டிபிகேட் காட்டிச் சர்க்காரிடம் பெர்மிட் வாங்கியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் சாராய ருசி தெரியும் என்று சட்டப்படி ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே மனிதர். ஆள் அனுப்பினார்கள்.

தலைப்பாகையும் கோட்டுமாக வந்தார். நிபுணர் என்று கூப்பிட்டதில் அவருக்குப் பரம சந்தோஷம். ஆனாலும் முதலில் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

“என் பெர்மிட் என் வீட்டுக்குள்ள குடிக்கிறதுக்குத்தான். பொது இடத்துல குடிச்சா குத்தம்.”

“இதுல இல்லேன்னா குத்தம் இல்லையே ஐயா” என்றேன்.

“இருந்துச்சுன்னா?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே ஐயா ஒங்களைக் கூப்பிட்டது.”

கொஞ்ச நேரம் யோசித்து, பந்தலை விட்டுத் தள்ளி, வேலிக்கு அங்கிட்டுத் தன் கொல்லைக்குள் நின்றுகொண்டு கோப்பையை நீட்டச் சொன்னார். குடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டு மூன்றாவது வாங்கினார். 

“பிரமாதம்” என்றார். “துளிகூட இல்லை. இஞ்சி கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.”

எனக்கு உயிர் வந்தது. மச்சான் முகமும் தெளிந்தது. ஆனால் அவர் செக்ரட்டரி ஆயிற்றே. “ஐயா, இதையே ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. கமிட்டிக்கு வேணும்” என்றார்.

பெர்மிட் ஐயா கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

“எழுத முடியாது.”

“ஏங்கய்யா?”

“சரக்கில்லாததை நான் மூணு கோப்பை குடிச்சுட்டுத் திடமா நின்னேன்னு என் கையாலேயே எழுதித் தரவா? நாளைக்கு அதை எவனாவது தாலுக்காபீஸ்ல காட்டினா என் பெர்மிட் என்ன ஆகிறது?”

“அப்ப வாய்ச்சொல்லா வச்சுக்கலாமா?”

“என்ன சொன்னேன்? இல்லைன்னு சொன்னேனா? நாக்கு சரியில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். நடை கொஞ்சம் தள்ளாடியது. அது பெர்மிட்டுக்காகத் தள்ளாடியது என்பது எனக்குத் தெரியும். கமிட்டி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

6

காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சீர்த்தட்டு ஏந்திய பெண்களுக்குக் கை கடுத்துவிட்டது. “திரும்பிருவோமா?” என்று கமிட்டி மெம்பர் ஒருவர் மச்சானைக் கேட்டார்.  மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. வந்தால் பதவிக்கும் கொள்கைக்கும் துரோகம், திரும்பினால் தங்கச்சி அனாதை. படிக்காத ஆளாக இருந்திருந்தால் அவருக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது.

அப்போதுதான் முத்துலெட்சுமி வந்தாள். ஒரு கையில் மொட்டைத் தலையோடு வள்ளியம்மை, மறு கையில் ஒரு கோப்பை. நேராகப் பந்தல் வாசலுக்குப் போனாள்.

“அண்ணே, சீனி கரைச்சது நானு. இஞ்சி தட்டினது நானு. மொதக் கோப்பையை இந்தப் பிள்ளை வாயில ஊத்தினதும் நாந்தான். சாராயத்தையா ஊத்தியிருப்பேன்? ஊரு சொல்றதைக் கேக்காத. நீ குடிச்சுப் பாரு. ஒனக்குத் தெரியும்.”

மச்சான் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கினார். ஒரே மடக்கில் குடிக்கவில்லை. கொஞ்சம் வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, நிதானமாக விழுங்கினார். மறுபடியும் ஒரு வாய். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல சாராயம் இல்லை” என்றார்.

“செக்ரட்டரி” என்றார் அந்த மெம்பர். “அது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“அதான் எப்படின்னு கேக்குறோம்.”

“சாராயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். குடிச்சிருக்கேன். போதுமா?”

 மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மணையில் உட்கார்ந்து, வள்ளியம்மையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். ஆசாரி குத்தினார். பிள்ளை வீரிட்டது. மேளம் கொட்டியது.

செக்ரட்டரி பதவியை அவரே அன்று சாயங்காலம் ராஜினாமா செய்தார். கமிட்டி அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது, எல்லாரையும்விட உயரக் கையைத் தூக்கியவர் கண்மாய்க்கரையில் இருந்து தூக்கிவரப்பட்டவர். ஒரு மாதம் கழித்து அதே கமிட்டி, பக்கத்து ஊர்க் கூட்டத்தில் பேச அவரையே கூப்பிட்டது. குடித்துத் திருந்தியவர் என்று நோட்டீஸில் போட்டார்கள். யோக்கியராக இருந்தபோது அவர் பேச்சுக்குப் பத்துப் பேர் வருவார்கள். திருந்தியவர் என்றதும் திடலே நிறைந்துவிட்டது. நானும் போயிருந்தேன். மேடையில் அவர் குடியின் கேட்டைப் பற்றி அகராதிச் சொற்களில் பேசினார். சொந்த அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கூட்டம் கேட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காதுகுத்து முடிந்ததும் வீட்டில் முத்துலெட்சுமி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள்: “எந்தக் காலத்துல, எவன் கூடச் சேந்து குடிச்சுச்சோ தெரியலை. போகட்டும். அத்தனை பேரு முன்னால மறைக்காம ஒத்துக்கிச்சு பாத்தீங்களா? எங்க அண்ணன் வாயில பொய் வராதுன்னு சொன்னேன்ல.”

லீவு முடிந்து திரும்பும் நாளில் பஸ் நிறுத்தத்துக்கு மச்சான் வழியனுப்ப வந்தார். முத்துலெட்சுமி பிள்ளையோடு கொஞ்சம் தள்ளி, வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆவல் தாங்கவில்லை.

“எப்ப மச்சான் குடிச்சீங்க? பயிற்சிப் பள்ளிக்கூடத்துல படிச்சப்பவா?”

“நான் எங்க மாப்ளே குடிச்சேன்?” என்றார். “அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நீங்க குடுத்ததுல ஒரு படி கலந்திருந்தாக்கூடக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

“இல்லைங்கிறது எனக்கு அவ முகத்தைப் பாத்தாலே தெரியும். ஆனா அதைச் சபையில சொன்னா எடுபடுமா? தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசுறான்னுவாக. குடிச்சவன் சொன்னாத்தான் செல்லும்னு அவுகளா ஒரு சட்டம் போட்டுட்டாக. இருந்த ஒரே குடிகாரரும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. பிள்ளைக்கு நேரம் போய்க்கிட்டு இருந்துச்சு. வேற யாரு இருக்கா, சொல்லுங்க?”

அறந்தாங்கி பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பெட்டியைக் கூரையில் ஏற்ற ஆளைக் கூப்பிட்டுவிட்டு, என் பக்கம் குனிந்து சொன்னார்:

“முத்துலெச்சுமிக்கிட்டச் சொல்லிறாதீங்க மாப்ளே. அண்ணன் குடிச்சான்னு நெனச்சா மன்னிச்சுருவா. பொய் சொன்னான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.”

இன்றுவரை நான் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை இந்த நாட்டுக்கு வருவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் அவரைப் பார்த்தால், திருந்தியவர் என்று இனிமேல் சொல்லாதீர்கள். அவரிடம் திருந்துவதற்கு எதுவும் இருந்ததில்லை.